உப்பு வாளியில் நட்ட வளையம்

மரக்காணத்தில் உப்புத் தரகு பார்த்தே தலை நரைத்த தனகோடி, எந்தப் பேரத்திலும் கடைசி வார்த்தையை அடுத்தவருக்கு விட்டதில்லை. மனைவி ஜெயாவிடம் மட்டும் அது நடக்காது. அவள் திண்டிவனத்து மண்டிக்காரர் மகள்; முதலிரவிலேயே ஜன்னலோரத்துப் படுக்கையைப் பேசி வாங்கியவள்.

இப்போது பேரம் பால்கனிக்கு. ஈ.சி.ஆர். ஓரத்து அப்பார்ட்மெண்டில் மூன்றாவது மாடிக்குக் குடிவந்ததிலிருந்து, வெளிநாட்டு நிலையங்கள் பிடிக்கும் அவருடைய ஷார்ட்வேவ் ரேடியோவில் ஒரு குரலும் தேறவில்லை. எல்.ஈ.டி. பல்பு, லிப்ட் மோட்டார், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து அதற்குள் மீன் மார்க்கெட்டே நடத்தின. மொட்டைமாடியில் ஏரியல் கட்டலாமென்றால், குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராஜ்கமல் மாடிச் சாவியைத் தாலிபோலக் காத்தார்.

சரி, பால்கனியிலேயே வளைய ஏரியல். ஏ.சி. மெக்கானிக்கிடம் மீந்த செம்புக் குழாயைப் பேசி வாங்கி, லாரிச் சக்கரம் அளவுக்கு வளைத்து, இரண்டு முனைகளையும் பழைய ரேடியோவில் நிலையம் மாற்றும் கண்டென்சரைக் கழற்றி அதில் பற்றவைத்தார். உள்ளே சின்னதாக இன்னொரு வளையம். அதிலிருந்து ரேடியோவுக்கு ஒயர். கண்டென்சரைத் திருகினால் வேண்டிய நிலையம் ஏறும், வளையத்தைத் திருப்பினால் இரைச்சல் இறங்கும் என்று யூட்யூபில் ஒருவன் சத்தியம் செய்திருந்தான்.

ஜெயாவுக்கு அது துணி காயப்போடும் இடம். ஏறி இறங்கி முடிவானது இதுதான்: ஞாயிற்றுக்கிழமை அவள் விளக்கேற்றுவதற்குள் கடல்தாண்டி ஒரு குரலாவது வர வேண்டும். வந்தால் வளையம் அங்கேயே இருக்கும். வராவிட்டால் பழைய இரும்பு வண்டிக்கு.

கடற்காற்றில் வளையம் சாய்ந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒரு வாளியில் மணலைக் கொட்டி நட்டிருப்பார்கள். தனகோடியின் கை தானாக உப்பு மூட்டையைத்தான் அவிழ்த்தது. வாளி நிறையக் கல்லுப்பு, நடுவில் வளையத்தைத் தாங்கும் கட்டை, உப்பில் பாதி புதைந்தபடி கண்டென்சரை வைத்த டப்பா. மலைபோல நின்றது.

சனிக்கிழமை பூராவும் மழைக்காற்று. ஞாயிறு சாயங்காலம் அவர் திருகாத திருகல் இல்லை. ரேடியோ ‘ஸ்ஸ்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஜெயா தீப்பெட்டியைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டே பால்கனிப் பக்கம் வந்தாள். தீப்பெட்டி அவள் கையிலேயே இருந்ததை அவர் பார்த்தார்.

அவள் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, ஈரக்காத்துல உப்பு நீர் விடும்னு ஊருக்கே சொல்லி வெல கொறைப்பீங்களே. இங்க டப்பா முழுகிக் கெடக்குது பாருங்க.”

தனகோடிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளே டப்பாவைத் தூக்கி, நல்ல தண்ணீரில் அலசி, பேத்தியின் ஹேர் டிரையரால் காயவைத்தாள். ஈர உப்பை வெளியே கொட்டியாயிற்று, இனி வளையம் நிற்காது. ஒரு கையில் கட்டையையும் மறு கையில் வளையத்தையும் அவளே பிடித்துக்கொண்டாள். ஜெயிக்கிற கட்சி எதற்கு இப்படி மெனக்கெடுகிறது என்று கேட்டார்.

“கடை சாத்துற நேரத்துல கோவப்பட்டு உக்காந்திருக்கிற ஆளோட எனக்கு யாவாரம் வேணாம்.”

அவர் மெல்லத் திருகினார். இரைச்சலுக்குள்ளிருந்து இரண்டு ஆண்குரல்கள் கிளம்பி வந்தன. என்ன பாஷையோ, எந்தத் தேசமோ. ஒருவன் ஏறிப் பேசினான், மற்றவன் இழுத்தான்.

“பேரம்தான் நடக்குது. ரெண்டாவது ஆளு எறங்கி வர்றான்” என்றார் தனகோடி.

“அவன் எறங்க மாட்டான். தொண்டைய கேட்டீங்களா?”

விளக்கேற்ற வேண்டுமென்று அவள் வளையத்திலிருந்து கையை எடுத்தாள். குரல்கள் பட்டென்று அடங்கின. திரும்பத் தொட்டதும் வந்தன. தனகோடி தானும் தொட்டுப் பார்த்தார். அவர் கைக்கு ‘ஸ்ஸ்’தான். அவள் பிடித்திருந்த வாக்கில் திருகி வைத்ததால் வளையம் அவள் கையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுவிட்டது. மறுபடி திருகினால் சரியாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை.

“தினம் நான்தான் பிடிக்கணும்னா, துணி காயப்போடுறது இனிமே உங்க வேல” என்றாள் ஜெயா.

“சரி.”

“எதுத்துப் பேசாம ஒத்துக்கிறீங்க?”

அவர் அவள் இடுப்பில் செருகியிருந்த தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு விளக்கேற்றப் போனார். பின்னால் ரேடியோவில் இரண்டாவது ஆள் இன்னும் இறங்கவில்லை.