கச்சானில் போன டியூப்

கடலைப் பார்த்ததும் என் மச்சினன் வீரபத்திரன் சிரித்துவிட்டான்.

"இதுக்குத்தானா மச்சான் இம்புட்டுத் தூரம் வந்தோம்? நம்ம கண்மாயில இதைவிட அலை அடிக்கும்."

அவன் சொன்னது பொய்யில்லை. அரியமான் கடற்கரையில் அன்று தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்தது போலக் கிடந்தது. மே மாதம், வெள்ளிக்கிழமை, உச்சி வெயில். ஆனால் முதுகுப் பக்கமிருந்து நல்ல காற்று. அதனால் வெயில் உறைக்கவில்லை.

நாங்கள் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆட்கள். கருவேலம் வெட்டி, மூட்டம் போட்டு, கரி எடுப்பது என் வேலை. லீவுக்குப் பிள்ளையை எங்காவது கூட்டிப் போகச் சொல்லி என் வீட்டுக்காரி ராக்கு வருசா வருசம் கேட்பாள். இந்த வருசம்தான் வாய்த்தது. முதலில் இங்கே குளியல், அப்புறம் பாம்பன் பாலம், பொழுது சாயக் கோயில் என்று ஏற்பாடு.

வீரபத்திரன் ஊரிலேயே லாரி டியூப் ஒன்றுக்குக் காற்றடித்து, வேன் மேலே கட்டிக்கொண்டு வந்திருந்தான். எங்கள் ஊரில் பிள்ளைகள் கிணற்றில் டியூப்பைப் போட்டுத்தான் நீச்சல் பழகும். என் மகள் மதுமதியும் அப்படிப் பழகியவள்தான். டியூப் இருந்தால் பயமில்லை என்பது எங்கள் கணக்கு.

சவுக்கு நிழலில் ஒரு பெண் மாங்காய் கீறி விற்றுக்கொண்டிருந்தாள். பெயர் மலிகா. எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்ப இந்தப் பொடி ஒங்க ஊரு மொளகாதாண்ணே. ஒங்க ஊரு காரத்தை ஒங்களுக்கே விக்கிறேன்" என்று சிரித்தாள். ராக்குவும் சிரித்தாள்.

மாங்காயைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கரையோரம் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை டியூப்போடு தள்ளிப் போயிருந்தது. வீரபத்திரன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, "ஏ மதி, போதும், வா!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். தள்ளத் தள்ள டியூப் பின்னாலேயே போனது.

மலிகா எழுந்து நின்றாள். கையிலிருந்த கத்தியைக் கீழே போட்டாள்.

"யா அல்லாஹ். கச்சான் அடிக்கையில டியூப்பை எறக்குனது யாரு? இது கரையில இருந்து கடலுக்கு அடிக்கிற காத்துண்ணே. அலை இருக்காது. ஆனா மெதக்குறதை எல்லாம் இழுத்துட்டுப் போயிரும்."

"போட் இல்லையா தாயி?"

"எங்க வீட்டுக்காரரு வல்லம் அந்தா கெடக்கு. அவுக எல்லாம் ஜும்மாவுக்குப் போயிருக்காக. தொழுகையில போனை அணைச்சிருப்பாக." மலிகா வீரபத்திரனைப் பார்த்துக் கத்தினாள். "தம்பி! வேனை எடு! பள்ளிவாசல் வாசல்ல நின்னு ஜாபர் சாதிக்னு கூப்பிடு, போ!"

அவன் ஈரக் கைலியோடு ஓடினான்.

பிள்ளைக்கு அந்தப்பக்கம் வெறும் கடல். விசைப்படகு போகாத தடைக்காலம் என்பதால், கூப்பிடு தூரத்தில் ஒரு படகுகூட இல்லை. பிள்ளையின் வாய் அசைவது தெரிந்தது. சத்தம் வரவில்லை. காற்று எங்கள் சத்தத்தை அவளிடம் கொண்டுபோனது. அவள் சத்தத்தைத் திருப்பித் தரவில்லை.

ராக்கு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "குதிடி! டியூப்பை விட்டுட்டுக் குதி! ஒனக்குத்தான் நீச்சத் தெரியும்ல, நீந்தி வாடி!"

கரையில் நின்ற வேறு ஊர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். "குதி பாப்பா, குதி!"

மலிகா என் கையைப் பிடித்தாள். "அண்ணே, குதிக்கச் சொல்லாதீக. டியூப்பு கறுப்பா எங்க போனாலும் தெரியும். தலை தெரியாதுண்ணே."

எனக்கு அப்போது கிணறுதான் நினைவுக்கு வந்தது. கிணற்றில் நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும். பிடித்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். எனக்கும் என் பிள்ளைக்கும் தெரிந்த நீச்சல் அவ்வளவுதான். இங்கே சுவர் எங்கே இருக்கிறது?

"ராக்கு, சும்மா இரு. அவ அதுலேயே இருக்கட்டும்."

"இருக்கட்டுமா? போய்க்கிட்டே இருக்காள்ல! யோவ், கண்ணு தெரியலையா ஒனக்கு?"

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என்னை ஒருமையில் கூப்பிட்டது அன்றுதான். சேலையோடு தண்ணீரில் இறங்கிவிட்டாள். அவளுக்கு நீச்சலும் தெரியாது. நான் பின்னால் போய் இடுப்போடு பிடித்தேன். முழங்கையால் என் முகத்தில் இடித்தாள். உதடு கிழிந்தது. விடவில்லை.

நாங்கள் மல்லுக்கட்டுவதைப் பிள்ளை பார்த்துவிட்டாள். டியூப்பின் மேல் எழுந்து உட்கார்ந்தாள். ஒரு காலை வெளியே எடுத்துத் தண்ணீரில் விட்டாள். அடுத்த காலையும் எடுக்கப் போனாள்.

"வராத!" என்று கத்தினேன். தொண்டை கிழிந்தது. "ஏ மதி! எறங்குன, காலை ஒடிச்சிருவேன்! கொன்னேபுடுவேன் ஒன்னைய! அங்கனயே கெட!"

கரையில் இருந்த கூச்சல் நின்றுவிட்டது. பிள்ளை அப்படியே உறைந்து போனாள். பிறகு காலை மெதுவாக உள்ளே இழுத்து, டியூப்பைக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்தாள்.

டியூப் போய்க்கொண்டே இருந்தது. நான் கெட என்று சொன்ன இடத்தில் அது கிடக்கவில்லை. முதலில் அவள் பாவாடையின் மஞ்சள் தெரிந்தது. அப்புறம் கறுப்பு மட்டும். ராக்கு கத்துவதை நிறுத்தியிருந்தாள். என் கைக்குள் கனத்துப்போய் நின்றாள். அது இன்னும் மோசமாக இருந்தது. நான் சொன்னது தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மட்டும் அந்தக் கறுப்பிலிருந்து எடுக்கவில்லை. இமைத்தால் தொலைந்துவிடும் என்று இருந்தது.

வேன் மணலில் வந்து நின்றது. வெள்ளைத் தொப்பியோடு இரண்டு பேர் குதித்து ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவர் ஜாபர் சாதிக். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து வல்லத்தைத் தண்ணீருக்குள் தள்ளினோம்.

"எங்கண்ணே?"

கையை நீட்டினேன். "அந்தா, அந்தக் கறுப்பு."

எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்தது. வல்லம் போவதைப் பார்த்தோம். கறுப்பின் பக்கத்தில் நிற்பதையும் பார்த்தோம். ஆனால் ஏற்றுவது பிள்ளையையா, வெறும் டியூப்பையா என்று அங்கிருந்து தெரியவில்லை. மலிகா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். வல்லம் திரும்பிக் கரைக்கு வந்தது. நடுவில் மஞ்சள் தெரிந்தது.

ஜாபர் சாதிக் பிள்ளையைத் தூக்கி இறக்கினார். "கையை விடுவிக்கத்தாண்ணே பெரும்பாடு. டியூப்பை அப்புடிப் புடிச்சிருந்துச்சு."

பிள்ளை என்னைத் தாண்டி ஓடி, அம்மாவின் மேல் விழுந்தாள். ராக்கு அவள் தலையையும் முதுகையும் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, "கூப்புட்டேனேடி. ஏன்டி வரல?" என்று அழுதாள்.

"குதிக்கத்தாம்மா போனேன். அய்யா காலை ஒடிச்சிருவேன்னாக."

"அவுக என்னைக்குடி ஒன்னைய அடிச்சிருக்காக?"

"அடிச்சதே இல்லை" என்று பிள்ளை விக்கினாள். "இப்புடி ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. அதாம்மா, தண்ணியவிட அய்யாவுக்குப் பயந்துட்டேன்."

ராக்கு அப்போதுதான் என்னைப் பார்த்தாள். என் உதட்டு ரத்தத்தைப் பார்த்தாள். "இங்கன வாங்க" என்றாள். போக நினைத்தேன். ஆனால் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.