மூன்றாம் வருஷ மலை

என் தம்பி கிளைவ் ஒரு வெளிநாட்டின் கையாள் என்பதை நாடு முழுக்க ஒரே நாளில் தெரிந்துகொண்டது. எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது. அவன் பிறந்ததிலிருந்து, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரே அறையில் அவனோடு குப்பை கொட்டுகிறேன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருகிற பயல் அவன். அவனை நம்பி ஒரு நாடு சதி செய்ததாம்!

சொன்னது 'தேசக்கண்' என்ற அரசாங்க டிவி நிகழ்ச்சி. பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மூன்று நாள் நாங்கள் கொழுந்து பறிக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் மண் வெடித்து, கை நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. மழைக்கு முன்னால் எங்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்டோம். அவ்வளவுதான். ஆனால் தேசக்கண் வேறு கதை சொன்னது. கடலுக்கு அப்பால் இரண்டு நாடுகள் சண்டை போடுகின்றன. அதில் ஒன்று நம் தேயிலையை வாங்குகிறது. அந்த வியாபாரத்தைக் கெடுக்க மற்ற நாடு எங்களைத் தூண்டிவிட்டதாம். எனக்கு அந்த இரண்டு நாடுகளும் வரைபடத்தில் எந்தப் பக்கம் இருக்கின்றன என்றுகூடத் தெரியாது.

ஆதாரமாக ஒரு படத்தைக் காட்டினார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் கிளைவிடம் ஒரு பெட்டியைக் கொடுக்கிறார். 'சென்ற வாரம் ரகசியத் தொடர்புக் கருவிகள் கைமாறிய தருணம்' என்று கீழே எழுத்து ஓடியது. இடத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று பின்னால் இருந்த பலகையைப் பெரிதாக்கிச் சிவப்பு வட்டம் வேறு போட்டார்கள். ஏழாம் நம்பர் மலை.

பெட்டியில் இருந்தது பூச்சி மாத்திரை. மூன்று வருஷத்துக்கு முன் மண்சரிவு வந்தபோது ஒரு மருத்துவக் குழு வந்தது. பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லிக் கிளைவிடம் தந்தார்கள். எங்கள் லயத்தில் அந்த மாத்திரையை விழுங்காத பிள்ளை கிடையாது.

படத்தைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்புதான் வந்தது. கிளைவுக்குப் பின்னால் மலை மொட்டையாக நிற்கிறது. கவ்வாத்து வெட்டிய மலை. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவார்கள். குச்சி மட்டும் நிற்கும். ராசம்மா அக்கா வெட்டிப் போட்ட கிளைகளை விறகுக்குக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு போகிறது கூடப் படத்தில் இருந்தது. அதே ஏழாம் நம்பர் மலையில் சென்ற வாரம் நான் இடுப்புயரச் செடிக்குள் நின்று கொழுந்து பறித்தேன். கொழும்பில் குளிர் அறையில் உட்கார்ந்து தேதி போட்ட மகாராசனுக்கு அது எப்படித் தெரியும்?

மறுநாள் பொலிஸ் வந்து கிளைவைக் கூட்டிப் போனபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அதைவிட வலித்தது எங்கள் ஆட்கள்தான். கவ்வாத்து ஆட்களுக்குத் தலைவர் அழகுமுத்தண்ணன். அந்த மலையைத் தன் கையால் வெட்டியவர். அவரிடம் போய்ப் படத்தைக் காட்டினேன்.

"படம் பழசாவே இருக்கட்டும் புள்ள. ஒண்ணுமில்லாம அரசாங்க டிவில போடுவாங்களா? ஒண்ணுமில்லாம பொலிசு புடிக்குமா? ஒன் தம்பியால தோட்டத்துக்கே கெட்ட பேரு."

"பூச்சி மாத்திரைய ஒங்க பேரனும்தானே அண்ணே முழுங்குனான்?"

"அது எனக்குத் தெரியாது. காட்டிக்கொடுக்கிறவன் மூஞ்சியில எழுதியா ஒட்டியிருக்கும்?"

அதோடு விடவில்லை. லயம் லயமாகப் போய் அதையே சொன்னார். தண்ணீர் பிடிக்கிற பீலியில் நான் வந்தால் பேச்சு நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் குடத்தை அங்கேயே போட்டு உடைத்திருப்பேன்; பிளாஸ்டிக் குடம், உடையாது.

பிறகு அரசாங்கத் தகவல் பிரிவிலிருந்து இரண்டு பேர் கமராவோடு வந்தார்கள். நல்ல தமிழ் பேசினார்கள். "உங்கள் தம்பி அப்பாவி. வெளிநாட்டுக்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள். அதை மட்டும் கமராவைப் பார்த்துச் சொல்லுங்கள், இந்த வாரமே வீட்டுக்கு வருவார். இல்லையென்றால் எவ்வளவு காலம் ஆகுமோ தெரியாது" என்றார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் ஆடிப்போனேன். ஒரே ஒரு வரி. சொன்னால் தம்பி வீட்டில் சாப்பிடுவான். ஆனால் அந்த வரியைச் சொன்னால் வெடித்த மண்ணும் பொய், எங்கள் மூன்று நாளும் பொய், அவன் வாழ்நாள் முழுக்க ஏமாந்த துரோகி.

"சொல்றேன்" என்றேன். கமராவைத் திருப்பினார்கள். "அந்தப் பெட்டியில பூச்சி மாத்திரை இருந்திச்சி. வயித்துல பூச்சி இருக்கிறவங்க யாரா இருந்தாலும் கேட்டு வாங்கிச் சாப்புடுங்க" என்றேன். அது ஒளிபரப்பாகவில்லை.

ஹட்டனில் இருந்து வந்து வழக்குப் பேசிய சட்டத்தரணி ஷாமிலா மிஸ் சின்ன வயசுக்காரி. செடியைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டார்.

"அக்கா, இத நீங்க சொன்னா அக்காக்காரிப் பேச்சும்பாங்க. நீதவானே வந்து செடியப் பார்க்கட்டும்."

நீதிமன்றத்தில் கேட்டார், கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நீதவான் ஏழாம் நம்பர் மலைக்கு வருவதாக உத்தரவு.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பெரட்டு. அன்றன்றைக்கு யாருக்கு எந்த மலையில் வேலை என்று அங்கேதான் சொல்வார்கள். பனி விலகவில்லை. வேலை பிரித்துக் கொடுக்கிற கண்டாக்கு தங்கவேலு ஐயா கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தார். பொம்பளைகளுக்கு மூன்றாம் நம்பர். மருந்தடிக்கிற ஆட்களுக்குப் பன்னிரண்டு. பிறகு குரலைத் தணித்து, "கவ்வாத்து ஆளுங்க எல்லாரும் ஏழாம் நம்பர். ஒம்போது மணிக்குள்ள வெட்டி முடிக்கணும்" என்றார்.

அவ்வளவு ஆட்களும் இறங்கினால் பலகையைச் சுற்றியிருக்கிற சரிவு முழுக்க இரண்டு மணி நேரத்தில் மொட்டை. நீதவான் வந்து பார்க்கும்போது மலை படத்தில் இருக்கிறபடியே நிற்கும். என் தம்பி உள்ளேயே கிடப்பான்.

"ஐயா, மூணாம் வருஷ மலைய எவனாச்சும் வெட்டுவானா? இன்னும் ரெண்டு வருஷம் கொழுந்து இருக்கு!" என்று கத்தினேன்.

"மேலிடத்து ஓடர், ஜொய்சி. ஒனக்குச் சம்பந்தமில்ல. நீ மூணாம் நம்பருக்குப் போ."

அழகுமுத்தண்ணன் கத்தியைத் தோளில் போட்டபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடம் கெஞ்ச எனக்கு நாக்கு எழவில்லை. என் தம்பியைப் பேசிய வாயிடம் என்னத்தைக் கேட்பது?

அவரே தலையைத் தூக்கினார்.

"கண்டாக்கையா, ஒரு சந்தேகம். டிவில காட்டுனது உண்மைதானே?"

"உண்மைதான்."

"உண்மைன்னா செடிய எதுக்கு வெட்டணும்?"

தங்கவேலு ஐயா தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "வெட்டாதவனுக்கு இன்னிக்குப் பேரு கெடையாது" என்றார். பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை.

"வேணாம். போடாதீங்க" என்றார் அழகுமுத்தண்ணன். பிறகு தன் ஆட்களைப் பார்த்து, "வாங்கடா மேல" என்றார்.

கத்திகளோடு அவர்கள் ஏறியபோது எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. பின்னாலேயே ஓடினேன். மூன்றாம் நம்பருக்குப் போக வேண்டிய பொம்பளைகளும் கூடையோடு என் பின்னால் வந்தார்கள். ஏழாம் நம்பர் பலகைக்குப் பக்கத்தில் அழகுமுத்தண்ணன் நின்றார். ஆட்களை வரிசையாக நிறுத்தினார். செடிக்கு முதுகு காட்டி, பாதையைப் பார்த்து நின்றார்கள். எட்டு மணிக்குத் தோட்டத்து மனேஜர் பெரிய தொரை ஜீப்பில் வந்து சத்தம் போட்டார். ஒருவரும் அசையவில்லை. மழை தூறியது, நனைந்தபடி நின்றார்கள். நானும் அவர்களுக்குள் போய் நின்றேன். அழகுமுத்தண்ணன் என்னைப் பார்க்கவில்லை.

பத்தே காலுக்கு நீதவான் வந்தார். குடை பிடித்த ஒரு அம்மா. கூடவே ஷாமிலா மிஸ், இன்ஸ்பெக்டர், எழுதுவதற்கு ஒரு ஆள். நீதவான் படத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், தன் இடுப்பைத் தொட்டு நின்ற செடியைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார்:

"இத்தனை பேர் ஏன் கத்தியோடு நிற்கிறீர்கள்?"

"மிரட்டுவதற்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்லை மெடம்" என்றார் அழகுமுத்தண்ணன். அவருடைய சிங்களம் சந்தைச் சிங்களம், ஆனால் குரல் நடுங்கவில்லை. "நீங்கள் வருவதற்கு முன்னால் இந்த மலையை வெட்டச் சொன்னார்கள். நாங்கள் வெட்டவில்லை. வெட்டிய செடி இந்த உயரம் வளர மூன்று வருஷம் வேண்டும். படத்தில் இருக்கிற வெட்டு என் வெட்டு."

நீதவான், பின்னால் வந்து நின்ற தங்கவேலு ஐயாவைப் பார்த்தார். அவர் காலையில் வாசித்த அதே தாளை நீட்டிவிட்டார். நீதவான் அதை வாசித்துவிட்டு, அன்று பிற்பகல் இரண்டு மணிக்கே கிளைவைத் தன் முன்னால் கொண்டுவரச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் விடவில்லை. "மெடம், இந்த ஆள் சந்தேக நபரின் கூட்டாளி. அவனைக் காப்பாற்றப் பேசுகிறார்."

"கூட்டாளியா?" அழகுமுத்தண்ணன் கத்தியைத் தரையில் வைத்தார். "அவனைத் துரோகி என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவன் நான். டிவியை நம்பினேன். என் கையால் வெட்டிய செடியை நம்பவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

எழுதுகிறவர் எழுதினார். அழகுமுத்தண்ணன் எங்கள் பக்கம் திரும்பினார். சிங்களம் சரியாகப் புரியாத கிழவிகளும் கூடைக்காரிகளும் நின்ற அந்தப் பக்கம். சொன்னது அத்தனையையும் மறுபடி தமிழில், இன்னும் சத்தமாக, ஒரு சொல் விடாமல் சொன்னார்.