மொச்சை வந்தவர் கொடுக்கணும்

மூன்று ராஜாக்கள் பண்டிகையன்று எங்கிராசியாவின் முன்பல்லை உடைத்ததும் ஒரு ராஜாதான். பண்டிகை ரொட்டிக்குள் ஒளித்து வைத்திருந்த பீங்கான் ராஜா. அவன் யார் துண்டில் வருகிறானோ அவருக்குக் காகிதக் கிரீடம். காய்ந்த மொச்சைக்கொட்டை வந்தவர் ரொட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் எங்கிராசியா மகா கறார். போன வருஷம் மேளக்காரன் ஃபெர்மின் மொச்சையை விழுங்கித் தப்பப் பார்த்தான். அவன் தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தே பிடித்து வசூலித்துவிட்டாள்.

இப்போது கிரீடத்தோடு உட்கார்ந்து அழுதாள். சான் வலேரோ திருநாளுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அன்று சரகோசா வீதிகளில் பெருந்தலை மாட்டிய பொம்மை வேஷக்காரர்களுக்கு முன்னால் துல்சைனா ஊதிப் போவது அவள்தான். சீவாளி வைத்த குழல் அது. உதட்டுக்குப் பின்னால் பல் இல்லாவிட்டால் வெறும் காற்றுதான் வரும்.

அரசு மருத்துவமனையில் பல்லைப் பிடுங்குவார்கள், கட்டித் தரமாட்டார்கள். பெரிய சாலையில் ஒரு பளபள கிளினிக்கில் முதல் பரிசோதனை இலவசம் என்று போட்டிருந்தது. படம் எடுத்ததும் கோட்டுப் போட்ட ஒருவன் மேஜைக்கு அழைத்தான்.

"வேரோட எடுத்துட்டு ஸ்குரூ பல் வெச்சிடலாம் மேடம். இன்னிக்கே கையெழுத்துப் போட்டா தள்ளுபடி. மாசத் தவணைதான்."

"எப்போ குழல் ஊதலாம்?"

"கோடையில ஊதலாமே!"

"ஆமா, நீங்க டாக்டரா?"

"நான்... விற்பனைப் பிரிவு."

"அப்போ போய் சோபா வித்துக்கோங்க" என்று எழுந்து வந்துவிட்டாள்.

கோபம் தணியாமல் மீன்கடைக்குள் நுழைந்தாள். வழக்கம்போல, "கடைசி ஆள் யாரு?" என்று கேட்டு வரிசையில் நின்றவள், அடுத்ததாக, "இங்க பல் கட்டினவங்க யாரு? எங்க கட்டினீங்க?" என்றாள். வரிசையே வாயைத் திறந்து காட்டியது.

"இந்தக் கடவாப்பல்லைப் பாரு. லானுசா அம்மா கட்டினது. பாதாமைக் கடிச்சு உடைக்கிறேன்!"

"எனக்கும் அவங்கதான். சும்மா பிடுங்கச் சொல்லவே மாட்டாங்க" என்றார் பின்னால் நின்ற பெரியவர்.

லானுசா டாக்டர் அவள் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். "வேர் கல்லு மாதிரி இருக்கு. இதையா பிடுங்கச் சொன்னான்? அறுநூறு யூரோ ஆகும். பாதி இப்போ, பாதி திருநாள் கழிச்சு. அடுத்த தடவை வரும்போது குழலையும் எடுத்துட்டு வாம்மா. ஊதிப் பார்த்துத்தான் பல்லைப் பொருத்தணும்."

முதல் பாதியிலேயே சேமிப்பு துடைத்தெடுத்தது போல் காலியாயிற்று. அவளுடைய வாத்தியக் குழுவினர் திரட்டி வந்த பணத்தை அவள் தொடவே இல்லை. "என் வாய், என் காசு. எடுத்துட்டுப் போங்க."

சான் வலேரோ அன்று வடகாற்று ஆளைத் தள்ளியது. எங்கிராசியா குழலை வைத்து ஊதினாள். முதல் சுரமே கணீரென்று தெருவின் அந்தக் கோடி வரை போயிற்று. பிள்ளைகள் கூச்சலிட்டு ஓட, பெருந்தலைகள் துரத்த, அவள் தெருவையே சொந்தமாக்கிக்கொண்டு நடந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் ஊதியதே இல்லை.

ஊர்வலம் முடிந்ததும் திருநாள் ரொட்டியை வெட்டினார்கள். ஃபெர்மின் கடித்துவிட்டு ஒரு மொச்சையை எடுத்து வைத்தான். அடுத்தவள் துண்டிலும் மொச்சை. அதற்கடுத்தவன் துண்டிலும் மொச்சை. எங்கிராசியாவின் துண்டில் மட்டும் ஒன்றுமில்லை.

"வேகவெச்ச மொச்சைதான், பயப்படாதே" என்றான் ஃபெர்மின். "சட்டம் தெரியும்ல? மொச்சை வந்தவன் கொடுத்தே ஆகணும். இந்த ரொட்டி முந்நூறு யூரோ. லானுசா அம்மாகிட்ட கட்டணுமாம்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு புதுப்பல் தெரியச் சிரித்து, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மேஜை நடுவே மல்லாக்க வைத்தாள்.

"காசை எடுங்க எல்லாரும். எவனாவது விழுங்கித் தப்பிக்கப் பார்த்தீங்க, தொலைச்சுப்புடுவேன்!"