தங்கச்சிக்கு ஒரு கப்பல்

கப்பலைப் பத்தி என்கிட்ட யாரும் பேச்செடுக்கக் கூடாது. எடுத்தா அப்புறம் நிறுத்த மாட்டேன். ஆறு வருஷம் சுற்றுலாக் கப்பல்ல சலவை பாத்தவன் நான். இப்போ ஆஸ்பத்திரியில சலவைப் பிரிவுக்கு மேற்பார்வை, ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு துவைச்சு அனுப்பறேன், ஆனாலும் எல்லாரும் என்னை இன்னும் "கப்பல்"னுதான் கூப்பிடறாங்க. அதுல எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்! எங்கம்மாதான் அப்பப்போ நக்கல் அடிப்பா. "கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வைக்காதேம்பாங்க. இவன் கப்பல்லேர்ந்து இறங்கினதுக்கே வெச்சுட்டான்"ம்பா.

அப்பா செத்த சேதி வந்து நான் இறங்கினப்போ தங்கச்சி பத்தாவது படிச்சிட்டிருந்தா. அதுக்கப்புறம் நான் திரும்பிப் போகல. "தங்கச்சி படிப்புக்காகக் கப்பலையே விட்டவன்யா"ன்னு சொந்தக்காரங்க மத்தியில எனக்கு நல்ல பேரு. பதினோரு வருஷமா அந்தப் பேரை வெச்சுத்தான் நானும் நிமிந்து நடந்தேன்.

தங்கச்சி இப்போ அதே ஆஸ்பத்திரியில பிசியோதெரபி பாக்கறா. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் கூட வேலை செய்யற ரெண்டு பொண்ணுங்களைக் கூட்டிட்டு வந்தா. ஒருத்தி வாய மூடவே மாட்டா, நான் வெச்ச பேரு சரவெடி. இன்னொருத்தி எதைக் கேட்டாலும் "ம்ம்"ம்பா, அவ பேரும் அதுதான். மூணு பேருக்கும் இருபத்தஞ்சு, இருபத்தாறு இருக்கும். ஒருத்திக்கும் கல்யாணம் ஆகல.

"அண்ணா, அதிசயம் நடந்துருச்சு!" சரவெடி ஆரம்பிச்சா. "எங்க பிரிவுக்கு வெள்ளையடிக்கப் போறாங்க. ஒரு வாரம் பூட்டு. மூணு பேருக்கும் ஒண்ணா லீவு!"

"இனிமே இப்படிக் கிடைக்காதுண்ணா. மூணு வருஷத்துல இதான் முதல் தடவை" ன்னா தங்கச்சி. "கப்பல்ல போலாம்னு இருக்கோம். நீதான் நல்ல கப்பலா பாத்துச் சொல்லணும்."

எனக்கு வேற என்ன வேணும்! சாப்பாட்டு மேஜையில இருந்த தட்டையெல்லாம் ஒதுக்கித் தள்ளிட்டு லேப்டாப்பை நடுவுல வெச்சேன். அம்மா டீ போடப் போனா. நான் பாடம் எடுக்க ஆரம்பிச்சேன்.

"முதல்ல, எத்தனை ராத்திரின்னு பாருங்க. மூணு, நாலு ராத்திரி ஓடற கப்பல்ல சின்ன வயசுக்காரங்க வருவாங்க. லீவு அவ்வளவுதானே கிடைக்கும் பாவம். நாள் ஏற ஏற வயசும் ஏறும். ரெண்டு வாரம்னா மாத்திரை டப்பாவோட வர்ற கூட்டம்தான்."

"நாங்க தினமும் பாக்கற கூட்டம் அதாச்சே, வேணாம்ணா!" ன்னா சரவெடி.

"அப்ப கப்பல் புதுசா இருக்கணும். கப்பலும் மனுஷன் மாதிரிதான், வயசானா வயசானவங்களோடதான் ஒட்டும். அப்புறம் சாப்பாடு. மூணு பேரும் தனி மேஜை கேக்காதீங்க. எட்டுப் பேர் உக்கார்ற மேஜை கேளுங்க, தெரியாதவங்களோட உக்காந்தாத்தானே நாலு பேரு பழக்கமாகும்? ஊர்லேர்ந்து கூட்டிட்டுப் போன மூஞ்சியையே பாத்துட்டு இருக்கவா கடலுக்குப் போறீங்க?"

"ம்ம்" ன்னா ம்ம். காது மடல் சிவந்துச்சு.

தேடித் தேடி ஒரு கப்பலைப் பிடிச்சோம். போன வருஷம்தான் தண்ணியில இறங்கினது. நாலு ராத்திரி. தனியா வர்ற இளவட்டங்களுக்குன்னே ஒரு தளம் முழுக்கச் சின்னச் சின்ன ரூம், அவங்க கூடி உக்கார ஒரு கூடம், ராத்திரி ஆட்டம் பாட்டம். மூணு பேரும் துள்ளிக் குதிச்சாங்க. அத்தோட நான் எந்திரிச்சுப் போயிருக்கணும். சும்மா இல்லாம, வேற என்ன இருக்குன்னு பக்கத்தைக் கீழ தள்ளினேன்.

அங்க நின்னுட்டிருந்தா என் கப்பல்.

புகைபோக்கிக்கு வேற நீலம் அடிச்சிருந்தாங்க. மத்தபடி அவளேதான். ஏழு ராத்திரின்னு போட்டிருந்துச்சு. அம்மா டீயைக் கையில குடுத்தது கூடத் தெரியல.

எங்க சலவைக்கூடம் தண்ணி மட்டத்துக்குக் கீழ. ஜன்னல் கிடையாது, பகலா ராவான்னு கடிகாரத்தைப் பாத்தாத்தான் தெரியும். அந்த வேக்காட்டுல, மூலையில ஒரு தையல் மெஷின். அதுல ஒருத்தி. மேல்தளத்து ஆபீசருங்க சட்டை, கிழிஞ்ச திரைச்சீலை, மேஜை விரிப்பு எல்லாம் அவ கையிலதான் ஒட்டுப்படும். எண்ணூறு பேர் வேலை செஞ்ச அந்தக் கப்பல்ல தமிழ் பேசற ரெண்டே பேர் நாங்கதான். நான் அவளை ஊசின்னு கூப்பிடுவேன், நீராவிப் பெட்டியோட மல்லுக்கட்டற என்னை அவ ஆவின்னு கூப்பிடுவா. கிழிசலைப் பாத்தே ஆளைச் சொல்லிருவா. "இந்தாளு கோவக்காரன், கைப்பட்டியைப் பாரு, இழுத்த இழுப்புல நூல் வந்திருக்கு. உன் சொந்தக்காரனா?"ம்பா. நூத்துக்கணக்கான சட்டையில என் சட்டை தொலையாம இருக்க, காலருக்கு உள்ள செவப்பு நூல்ல ஒரு தையல் போட்டு வெச்சிருந்தா.

கப்பலோட முன்பக்கத்துல, கயிறு கட்டற இடத்துல ஒரு திறப்பு உண்டு. சாயங்காலம் பத்து நிமிஷம் அங்க நின்னு டீ குடிப்போம். நாங்க சேர்ந்து பாத்த கடல் மொத்தமும் அந்த ஓட்டையளவுதான். சத்தியமா சொல்றேன், அதுக்கப்புறம் எத்தனையோ கடற்கரைக்குப் போயிட்டேன், அந்த மாதிரி கடலை நான் பாக்கவே இல்ல.

இறங்கற அன்னிக்கு, "ரெண்டு மாசத்துல வந்துருவேன்"னு சொல்லிட்டு வந்தேன். போகல. கடிதமும் போடல.

இப்போ புத்தி கெட்டுப்போச்சு எனக்கு. தங்கச்சி அந்தக் கப்பல்ல ஏறினா, ஊசி இருக்காளா, எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை தெரிஞ்சுக்கலாமே! அது ஒண்ணுதான் ஓடுச்சு மண்டையில. கால் மணி நேரம் முன்னாடி நானே போட்ட சட்டத்தையெல்லாம் நானே கிழிச்சேன்.

"இதுல போங்க" ன்னேன்.

"அண்ணா, இது பழசாச்சே?"

"பழசுன்னா? உறுதி! அப்பல்லாம் போட்ட இரும்பு இப்ப எங்க கிடைக்குது?"

"ஏழு ராத்திரி. வயசானவங்கதான் வருவாங்கன்னு..."

"அது மத்த கப்பல்ல. இதுல எல்லாம் உங்க வயசுதான். வாழ்க்கையில ஒரு தடவை லீவு கிடைச்சிருக்கு, நாலு நாள் போயிட்டு வந்து மிச்ச நாள் வீட்ல பாத்திரம் தேய்க்கப் போறீங்களா?"

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சேன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். அந்தப் பொண்ணுங்க என்னை நம்புச்சுங்க. கப்பல்ல இருந்த அண்ணன் சொன்னா தப்பா இருக்குமா? தங்கச்சி மட்டும் என் மூஞ்சியை ஒரு மாதிரி பாத்தா.

மறுநாள் வேலை முடிஞ்சதும் டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனோம். நானும் கூடவே போனேன், எங்கே மனசு மாறிருவாங்களோன்னு. கண்ணாடியைத் தலையில ஏத்தி விட்டுட்டு ஒரு அம்மா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்தாங்க. கப்பல் பேரைச் சொன்னதும் ரொம்பச் சந்தோஷமா தலையாட்டினாங்க.

"நல்ல கப்பல். அப்பா அம்மாவுக்கா? சக்கர நாற்காலி எத்தனை வேணும்?"

சரவெடி வாழ்க்கையிலேயே முதல் தடவையா வாயடைச்சு நின்னா.

"எங்களுக்குத்தான் மேடம்" ன்னா தங்கச்சி.

அந்தம்மா கண்ணாடியை இறக்கி மூக்குல மாட்டிக்கிட்டு மூணு பேரையும் பாத்தாங்க. "உங்களுக்கா? இதுல ரிட்டயர் ஆனவங்கதான்மா போவாங்க. ஒன்பது மணிக்கு விளக்கை அணைச்சிருவாங்க. யாரு சொன்னா உங்களுக்கு இதை?"

மூணு தலையும் என் பக்கம் திரும்புச்சு. நான் திருதிருன்னு முழிச்சேன். சுவத்துல இருந்த படத்தைப் பாத்தேன், அதுலயும் ஒரு கப்பல், பாழாப்போனது.

"உனக்குத் தெரியும்தானே?" ன்னு கேட்டா தங்கச்சி. குரல் ஏறல, அதுதான் பயமா இருந்துச்சு. "தெரிஞ்சேதானே சொன்னே? எங்களுக்குக் கிடைச்சதே ஒரு வாரம். எதுக்குண்ணா?"

பொய் வரல இந்தத் தடவை. சொல்லிட்டேன். அந்த ஆபீஸ்லயே, அந்தம்மா முன்னாடியே. சலவைக்கூடம், தையல் மெஷின், ஊசி, ரெண்டு மாசத்துல வர்றேன்னது, எல்லாத்தையும். "நீ போனா அவளைப் பாத்துட்டு வருவேன்னு நெனச்சேன்"னேன்.

தங்கச்சி, "அந்த ஆறு வருஷத்துல சலவைக்கூடத்துக்குள்ள எத்தனை பயணிங்களைப் பாத்திருக்கே?" ன்னு கேட்டா.

யோசிச்சேன். "ஒருத்தரைக் கூட இல்ல."

"அப்ப நான் மட்டும் எப்படிண்ணா அவங்களைப் பாப்பேன்?"

செவுள்ல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. மேல இருக்கறவங்க கண்ணுல படாம வேலை செய்யணுங்கறதுதான் எங்களுக்குக் கத்துக் குடுத்த முதல் பாடம். ஆறு வருஷம் அப்படியே வாழ்ந்தவனுக்கு அது மறந்துபோச்சு. எனக்கே சிரிப்பு வந்துச்சு. கூடவே கண்ணுல தண்ணியும் வந்துச்சு. "புதுக் கப்பல்லயே போங்கம்மா, மன்னிச்சுருங்க"ன்னு அந்தப் பொண்ணுங்க கிட்ட சொன்னேன். "ம்ம்" ன்னு சொல்லிட்டு ம்ம் என் தோளைத் தட்டிக் குடுத்தா. அந்தம்மா எட்டுப் பேர் மேஜையாப் பாத்துப் பதிஞ்சு குடுத்தாங்க.

போனாங்க, வந்தாங்க. மூணு பேரும் வெயில்ல கருத்து, தொண்டை கட்டி, சிரிச்ச வாய் மூடாம வந்து இறங்கினாங்க. ம்ம் அந்த மேஜையில யாரோடயோ ஒரு மணி நேரம் பேசினாளாம்! பேசினது அவதானான்னு நான் ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன்.

மறுநாள் காலையில நான் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுட்டிருந்தப்போ தங்கச்சி வந்து ஒரு மடிச்ச காகிதத்தை நீட்டினா.

"ரெண்டாவது நாள் என் சட்டையில ஒரு பொத்தானை நானே பிச்சுட்டேன். தைக்கச் சொல்லிக் கீழ அனுப்பினேன். பையில ஒரு சீட்டும் வெச்சேன். பழைய கப்பல்ல பதினோரு வருஷத்துக்கு முன்னாடி தையல் வேலை பாத்த தமிழ்ப் பொண்ணைத் தெரியுமான்னு. கம்பெனி ஒண்ணுதானே, ஆளுங்க மாறி மாறி வருவாங்கல்ல? அங்க தையல் பாக்கறவங்க பொத்தானைத் தைச்சு, அதே பையில பதில் வெச்சு அனுப்பிட்டாங்க."

நான் பெட்டியை நிமித்தி வெச்சுட்டு வாங்கிப் படிச்சேன். கோணல் கோணலான எழுத்து.

தெரியும், எனக்கு வேலை கத்துக் குடுத்ததே அவங்கதான்னு எழுதியிருந்துச்சு. புதுக் கப்பலுக்கு மாத்தறோம்னு அவங்களை மூணு தடவை கூப்பிட்டாங்களாம். மாட்டேன்னு அந்தப் பழசுலயே நாலு வருஷம் இருந்தாங்களாம். ஏன்னு கேட்டா, ஒருத்தன் இந்தக் கப்பலுக்குத்தான் திரும்பி வருவான், நான் மாறிட்டா எங்கேன்னு தேடுவான்னு சிரிப்பாங்களாம். அப்புறம் ஒரு நாள் இறங்கிட்டாங்க. இப்போ கல்யாணம் ஆகி ரெண்டு குழந்தைங்க, நல்லா இருக்காங்கன்னு முடிஞ்சிருந்துச்சு.

நாலு வருஷம். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து அழுதேன். முப்பத்தேழு வயசு ஆம்பளை, பட்டப்பகல்ல.

தங்கச்சியும் அழுதா. "என்னாலதானேண்ணா? என் படிப்புக்காகத்தானே நீ போகல? நான் மட்டும் இல்லேன்னா..."

வழக்கமா இந்த இடத்துல நான் சும்மா இருந்துருவேன். சும்மா இருந்து சம்பாதிச்சதுதான் அந்த நல்ல பேரெல்லாம். அன்னிக்கு முடியல.

"இல்லடி. மூணாம் மாசமே கம்பெனியில கூப்பிட்டாங்க. அம்மா என் பயணப் பெட்டியை எடுத்துத் தொடைச்சே வெச்சுட்டா. பெரியப்பா, 'அவ படிப்பை நான் பாத்துக்கறேன், கிளம்புடா'ன்னார். நான்தான் மாட்டேன்னேன்."

"ஏன்?"

"பயம். போய் நின்னு, அவ என்னை மறந்துட்டு வேற யாரோடயாவது டீ குடிச்சிட்டிருந்தா என்ன பண்றதுன்னு பயம். அதைச் சொல்ல வெக்கம். உன் பேரைச் சொன்னேன்."

அவ கண்ணைத் தொடைச்சுக்கிட்டு என்னையே பாத்தா.

"பத்தாவதுலேர்ந்து உன் வாழ்க்கையை நான்தான் கெடுத்தேன்னு நெனச்சிட்டிருந்தேண்ணா. ஒவ்வொரு பரீட்சைக்கும் அதை நெனச்சுத்தான் படிச்சேன். உனக்கு அது தெரியுமா?"

"தெரியும்" ன்னேன்.

அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா. ரெண்டு நாள் என்னோட பேசல.