நான்காம் பக்கத்துப் பெட்டி

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பத்தில் பிறந்தது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கான உதவித்தொகை விண்ணப்பம், மொத்தம் ஆறு பக்கம். நான்காம் பக்கத்தில் ஒரு பெட்டி. அதன் தலையில், ‘உங்கள் நிலைமையை உங்கள் சொந்தச் சொற்களில் விவரிக்கவும்’ என்று அச்சடித்திருப்பார்கள். கீழே பன்னிரண்டு கோடுகள். ஒரு மனிதனுடைய நிலைமை பன்னிரண்டு கோட்டுக்குள் அடங்கும் என்று யாரோ அளந்து பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பெட்டியை நான் இரண்டு முறை நிரப்பினேன். முதல் முறை எழுதியது ஒரு குழந்தையை அதன் தகப்பனிடமிருந்து பிரித்திருக்கும். இதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து, ‘ஏன் மறைத்தாய்?’ என்று கேட்கக் கூடாது.

நிலைமை என்னுடையது அல்ல. சொற்கள் மட்டும் என்னுடையவை. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

2

ஆரம்பத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) ‘விடியற்காலைப் பனி நகரத்தைப் போர்த்தியிருந்தது.’ பனி இல்லை, புழுக்கம். அடித்துவிட்டேன்.

(ஆ) ‘துணையைப் பிரிந்த ஒரு மனிதனின் கண்ணீர்…’ அவன் அழுது நான் பார்த்ததில்லை. அழுதிருந்தாலும் நாற்பதடி உயரத்தில் அழுதிருப்பான். கீழே வந்து சேர்வதற்குள் காய்ந்திருக்கும்.

(இ) ‘ஏணி சாரம் கட்டுகிறவன்.’

மூன்றாவது ஆடாமல் நிற்கிறது. அதன்மேல் கால் வைக்கலாம்.

கட்டடத்துக்கு வெளியே இரும்புக் குழாய்களை நிறுத்தி, கிளாம்ப் போட்டு முறுக்கி, பலகை விரித்து, மற்றவர்கள் நின்று வேலை செய்ய இடம் உண்டாக்குவதுதான் சாரம். எனக்கும் அதே வேலை, அதே குழு. அவன் ஆறடி மூன்றங்குலம், அதனால் ஏணி. நான் நாற்பத்து மூன்று வயதில், சங்கத்து அறையில் நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுத்துக் கற்றவன், அதனால் வாத்தி. கற்ற பிறகு நானாகப் படித்த முதல் பலகை, ‘அபாயம், கீழே நிற்காதே.’ அதில் சாய்ந்தபடிதான் ஆறு வருடம் டீ குடித்திருக்கிறேன்.

(கட்டடம் முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவோம். இந்தக் கதையில் பிரிக்கவில்லை. அடித்த வரிகள் அப்படியே நிற்கும். காலை இடித்துக்கொள்ளாமல் வாருங்கள்.)

3

ஏணிக்கு ஒரு மகள், ஐந்தரை வயது. யாரைக் கண்டாலும் வேலை ஏவுவதால் அவளுக்கு ‘மேடம்’ என்று பெயர். விவாகரத்து முடிந்து நான்கு மாதம் ஆகிறது. குழந்தை அப்பாவிடமே இருக்கட்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஒரு வருடம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றும் சொன்னது.

மனைவியைப் பற்றி ஒரு பத்தி எழுத உட்கார்ந்தேன். ‘நெஞ்சில் ஈரமில்லாத அந்தப்’

முடிக்கவில்லை. எனக்கு என்ன தெரியும்? அந்தப் பெண் ஒரு தடவை எனக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள். சர்க்கரை சரியாக இருந்தது. தெரிந்தது அவ்வளவுதான். அவளுடைய கதையை அவள் எழுதட்டும். எனக்கு வெகு முன்னாலேயே எழுத்துக் கற்றவள்.

சிக்கல் கடிகாரத்தில் இருந்தது. எட்டு மணிக்குக் கொத்தனார் வந்தால் அவர் நிற்க இடம் இருக்க வேண்டும். அதற்குச் சாரக்காரன் ஆறு மணிக்கே மேலே இருக்க வேண்டும். பள்ளியோ எட்டரைக்குத்தான் திறக்கும். நடுவில் இரண்டரை மணி நேரம் மேடம் எங்கே இருப்பாள்? பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு காலைக் காப்பகம் உண்டு, ஐந்தரைக்கே திறந்துவிடுவார்கள். அதன் கட்டணம் ஏணியின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும். உதவித்தொகை கிடைத்தால் அந்தக் கட்டணத்தை அரசாங்கமே கட்டும். கிடைக்காவிட்டால், மேடம் அவளுடைய தாய்மாமா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மாமா நல்லவர். ஆனால் பஸ்ஸில் ஐந்து மணி நேரம். தகப்பன் மாதம் ஒரு முறை விருந்தாளியாகப் போய்ப் பார்க்கலாம்.

4

“அண்ணே, உங்களுக்குத்தான் எழுத்து வருமே. அந்த ஒரு பெட்டியை மட்டும் ரொப்பிக் குடுங்களேன்.”

“ஏன், நீ ஏழாவது வரைக்கும் படிச்சவன்தானே?”

“படிச்சேன். ஆபீஸ் காகிதத்தைப் பார்த்தா கை நடுங்குதுண்ணே. குழாய் மேல நடக்கறப்ப நடுங்காத கை.”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி சும்மா இருப்பாரா? “வாத்திகிட்ட குடுக்காதடா. பெட்டி கேட்டா பீரோ செஞ்சு குடுப்பான்.”

செய்து கொடுத்தேன். இதோ:

‘இவர் ஒரு தங்கமான தகப்பன். தாயில்லாத குறை தெரியாமல் மகளை வளர்க்கிறார். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. இதுவரை யாரிடமும் கையேந்தாதவர். எத்தனை இடர் வந்தாலும் மலைபோல் நிற்பார்.’

பன்னிரண்டு கோடும் நிறைந்து, ஓரத்தில் மேலேறிப் போனது. ஏணி இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டான். “இது நானாண்ணே?” என்றான்.

அவனுக்கும் சந்தேகம் வரவில்லை. வராததற்குக் காரணம் உண்டு. நீதிமன்றத்தில் மூன்று மாதம் இதையேதான் சொல்ல வைத்தார்கள். ‘குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை’ என்று வக்கீல் அவனை மனப்பாடம் செய்ய வைத்தார். அந்த வாக்கியம்தான் மகளை அவன் கையில் கொடுத்தது. ஒரு இடத்தில் தாங்கிய பலகையை இன்னொரு இடத்திலும் விரித்தேன். அவ்வளவுதான் நான் செய்த தப்பு.

5

மூன்று வாரத்தில் பதில் வந்தது. ‘தங்கள் விளக்கத்தின்படி தேவை ஏதும் புலப்படாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. முப்பது நாட்களுக்குள் மறுபரிசீலனை கோரலாம்.’

(‘புலப்படாததால்’ என்பதை மூன்றாவது முயற்சியில்தான் வாசித்தேன். வாசித்த பிறகு, வாசிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.)

அரைநாள் சம்பளம் போனால் போகிறது என்று இருவரும் அலுவலகம் போனோம். மூன்றாவது கவுண்டரில் ஒரு அக்கா. கண்ணாடி மூக்கு நுனியில், கையில் எங்களுடைய விண்ணப்பம்.

“இதை எழுதினது யாரு?”

ஏணி என்னைக் காட்டினான். ஆறடி ஆள், ஒரே விரலில் காட்டிக்கொடுத்துவிட்டான்.

“கதை எழுதுவீங்களோ?”

“இல்லம்மா. ஏதோ… கொஞ்சம்.”

“தெரியுது. தங்கமான தகப்பன்னு போட்டிருக்கீங்க. தங்கத்துக்கு யாருங்க உதவித்தொகை குடுப்பாங்க?”

பின்னால் நின்ற வரிசை சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

“குறை இருக்குன்னு எழுதினா புள்ளைய எடுத்துக்குவாங்களேம்மா,” என்றான் ஏணி. மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் வரிசை சிரிப்பை நிறுத்திவிட்டது.

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். “கோர்ட்ல உங்களால வளர்க்க முடியுமான்னு கேட்டாங்க. முடியும்னீங்க. சரி. நாங்க கேக்குறது வேற. வளர்க்கறதுக்கு என்ன பத்தலைன்னு கேக்குறோம். முடியும்கிறதும் நெசம், பத்தலைங்கிறதும் நெசம். ஒரே ஆளுக்கு ரெண்டும் இருக்கக் கூடாதா என்ன?”

“வீட்டைப் பார்க்க ஆள் அனுப்புவீங்களா?” என்றான் ஏணி.

“தேவைப்பட்டா ஒருத்தர் வந்து பார்ப்பாங்க. பொய் சொல்ல மாட்டேன். ஆனா இதே மாதிரி எழுதினீங்கன்னா இதே பதில்தான் வரும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க, கதாசிரியரே. காலையில எந்திரிச்சதுல இருந்து ஸ்கூல்ல விடற வரைக்கும், மணி போட்டு எழுதிட்டு வாங்க. கண்ணால பார்த்ததை மட்டும்.”

எனக்குக் கிடைத்த ஒரே இலக்கிய விமர்சனம் அது.

6

பார்க்காமல் எப்படி எழுதுவது? மறுநாள் விடியலில் நோட்டோடு அவன் வீட்டு வாசலில் நின்றேன்.

4.50. எழுப்புகிறான். மேடம்: “சூரியனே இன்னும் எந்திரிக்கல. நான் மட்டும் ஏன்ப்பா?”

5.05. தலை பின்னுகிறான். குழாய்க்குக் கயிறு கட்டும் முடிச்சையே ரப்பர் பாண்டிலும் போடுகிறான். (பள்ளியில் டீச்சர் ஒரு நாள் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தாராம்.)

5.20. ரொட்டி, அவித்த முட்டை. மஞ்சள் கருவை அவள் தொடமாட்டாள். அது அவனுக்கு. அவனுடைய காலைச் சாப்பாடும் அதுதான்.

5.45. வேலையிடத்து வாசல். காவலாளியின் தகரக் கூண்டு. அதற்குள் ஒரு ஸ்டூல். அவள் தலையில் ஹெல்மெட்டை வைக்கிறான், மூக்குவரை இறங்குகிறது. மேஸ்திரி அந்தப் பக்கம் பார்க்காமலே நடந்து போகிறார். பார்த்தால் கேட்க வேண்டியிருக்குமே.

6.00. நாங்கள் மேலே. எட்டேகாலுக்கு ஏணி இறங்கி, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுவான்.

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. வேலையிடத்துக்குள் குழந்தை இருக்கக் கூடாது. சட்டம். இதை எப்படி எழுதுவது? ‘காலை வேளையில் குழந்தை தெரிந்தவர் ஒருவரின் பொறுப்பில்’ என்று ஒரு வரி தானாகவே வந்தது. அழகாகவும் இருந்தது. பொய் இல்லை. காவலாளி தெரிந்தவர்தானே? எழுத்துக் கற்றதில் என்னைப் பயமுறுத்திய விஷயம் இதுதான். ஒரு பொய்கூடச் சொல்லாமல் எல்லாவற்றையும் மறைத்துவிடலாம்.

அந்த வரியை நோட்டில் எழுதி மூடிவைத்தேன்.

7

7.10. நான்காம் அடுக்கில் ஏணி கிளாம்ப் பூட்டிக்கொண்டிருந்தான். கூண்டிலிருந்து, “அப்பா!” என்று குரல் வந்தது. திரும்பினான். கிளாம்ப் கை நழுவியது.

[இங்கே நான்கு வரி அடித்திருக்கிறேன். அதில் ஒன்று ‘காலம் உறைந்தது’. எங்கே உறைந்தது? ஒரு கிலோ இரும்பு எந்த வேகத்தில் விழுமோ அந்த வேகத்தில் விழுந்தது.]

கூண்டுக்கு இரண்டு கை தூரம் தள்ளி மண்ணில் புதைந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேடம் வெளியே வந்தாள். ஹெல்மெட்டை நெற்றிக்குத் தள்ளிவிட்டு மேலே பார்த்தாள். “யாரு போட்டது? ஒழுங்கா புடிக்கத் தெரியாதா?”

போட்டவன் இறங்கி வந்தான். கிளாம்பைப் பிடுங்கி மண்ணைத் தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான்.

அவளைப் பள்ளியில் விட்டுத் திரும்பியதும் நேராக என்னிடம் வந்தான்.

“எழுதுண்ணே.”

“எதைடா?”

“கூண்டு, ஹெல்மெட்டு, கிளாம்ப். எல்லாத்தையும்.”

“கிளாம்ப் வேணாம்டா. கூண்டோட நிறுத்திக்கலாம்.”

“யார் கை நழுவினதுன்னும் எழுது.”

“ஆள் வந்து பார்ப்பாங்கடா. வீட்டைக் கிளறுவாங்க.”

“பார்க்கட்டும். நான் பார்த்துட்டேன்ல? இனிமே எம்பொண்ணு அங்க உக்கார மாட்டா. அவ உக்கார ஒரு எடம் குடுங்கன்னு கேக்கப் போறேன். இதுல எனக்கென்னண்ணே வெக்கம்?”

எனக்குத்தான் வெட்கம் என்று அப்போது புரிந்தது. என்னுடைய மலைபோல் நிற்பவனை நான் இழக்கத் தயாராக இல்லை. நான் செய்த பாத்திரத்தைவிட உண்மையான ஆள் தைரியசாலியாக இருந்தால், எழுதுகிறவனுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வருகிறது.

கேட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி, “என் பேரை எழுதித் தொலைக்காதீங்கடா,” என்று சொல்லிவிட்டு நடந்தார். பத்தடி போய்த் திரும்பினார். “காவலாளி பேரும் வேணாம். பாவம், அந்தாளு வேலையும் போயிடும். மத்ததெல்லாம் எழுதுங்க. நாளையில இருந்து ஆளுக்கொரு நாள், காலையில ரெண்டரை மணி நேரம் அவ கூட வீட்டுல இருங்க. நான் கண்டுக்கல.”

(இங்கே எல்லாரும் பட்டப்பெயரோடு உலவுவது அதனால்தான். கலைநயம் என்று நினைத்திருந்தால் மன்னிக்கவும்.)

8

இரண்டாவது பெட்டி:

‘தகப்பனுக்குக் காலை ஆறு மணிக்கு வேலை. பள்ளி எட்டரை. இடையில் குழந்தை வேலையிடத்துக் காவல் கூண்டில் இருந்தது. பதினான்காம் தேதி தகப்பனின் கை நழுவி ஒரு கிளாம்ப் கூண்டுக்கு இரண்டு கை தூரம் தள்ளி விழுந்தது. அன்றிலிருந்து அங்கே உட்கார வைப்பதில்லை. கூட வேலை செய்பவர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். இது நீடிக்காது. காலையில் ஓர் இடம் வேண்டும்.’

நான்கு கோடு மிச்சம். என் கை பரபரத்தது. அப்படியே விட்டேன்.

கடைசிப் பக்கத்தில், உறவினர் அல்லாத இரண்டு பேர், விண்ணப்பக்காரரை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று எழுதி, சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று நான். இரண்டாவது, கத்தரிக்கோல் டீச்சர். கையில் இருந்த சிவப்பு மையிலேயே போட்டுக் கொடுத்தார். கவுண்டர் அக்கா, “இதென்ன, மார்க் போட்டிருக்காங்களா?” என்று திருப்பி அனுப்பினார். மறுபடி நீலத்தில் வாங்கி வந்தோம்.

அக்கா பெட்டியை வாசித்தார். நிமிர்ந்து ஏணியைப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து, முடிவு வரும்வரை காப்பகத்தில் கட்டணமில்லாமல் விட ஒரு தற்காலிகச் சீட்டு எழுதிக் கொடுத்தார். முப்பது நாள். “எனக்கு இருக்கிற அதிகாரம் இவ்வளவுதான்,” என்றார். என்னிடம் மட்டும், “இப்ப எழுத்து வருது உங்களுக்கு,” என்றார்.

முதல் நாள் காப்பகத்தில் நுழைந்ததும் மேடம் கேட்டாளாம்: “இங்க மேஸ்திரி யாரு?”

9

இனி முடிவு.

(அ) கடிதம் வருகிறது. ‘அனுமதிக்கப்படுகிறது.’ ஏணி அதைத் தானே வாசிக்கிறான், கை நடுங்காமல்.

(ஆ) பார்வையிட ஆள் வருகிறார். அலமாரியைத் திறக்கிறார், படுக்கையைப் பார்க்கிறார், முகம் சுளிக்கிறார். உதவி கிடைக்கவில்லை. ஏணி சாரத்தை விட்டுவிட்டு, ஒன்பது மணிக்குத் தொடங்கும் ஏதோ ஒரு கிடங்கில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்கிறான். மேடம் அவனோடுதான் இருக்கிறாள்.

(இ) ‘மாமா ஊருக்குப் போகும் பஸ் கிளம்ப’

இதை நான் முடிக்க மாட்டேன்.

கடிதம் இன்னும் வரவில்லை. அக்கா கொடுத்த சீட்டின் முப்பது நாளில் பத்தொன்பது போயிருக்கிறது. (அ)வை எழுதி முடித்துவிட என் கை துறுதுறுக்கிறது. ஆனால் போன தடவை, இல்லாததை இருப்பதாக எழுதியதால் வந்த வினையைப் பார்த்துவிட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், இது கண்ணால் பார்த்தது: இன்று காலை ஆறு மணிக்கு ஏணி நான்காம் அடுக்கில் விசிலடித்துக்கொண்டிருந்தான். கீழே கூண்டு காலியாக இருந்தது.

இந்தக் கதைக்கும் ஒரு சாட்சி போதாது. முதல் சாட்சி, ஏற்கெனவே ஒரு தடவை கூட்டிச் சொல்லி மாட்டிக்கொண்டவன். அதனால் இன்னொரு கோட்டைக் காலியாக விடுகிறேன்.

சாட்சி 1: வாத்தி. இவரை ஒன்பது வருடமாகத் தெரியும்.

சாட்சி 2: ………………… இவரை ………………… ஆகத் தெரியும்.

இரண்டாவது நீங்கள். எவ்வளவு காலமாகத் தெரியும் என்று எழுதும் இடத்தில் கூச்சப்படாதீர்கள். கால் மணி நேரம்தான் என்றால், கால் மணி நேரம் என்றே எழுதுங்கள்.