புருஷோத்தமனின் தலைவலி: திருத்திய மொழிபெயர்ப்பு

1

இந்தக் கதை என்னுடைய தவறு ஒன்றிலிருந்து பிறந்தது. என்ன தவறு என்பதை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் என்மேல் உங்களுக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும்.

என் பெயர் ஃபரீஹா. புதுச்சேரி ரங்கப்பிள்ளை வீதியில், ஒரு மாடி அறையில், தமிழிலிருந்து பிரெஞ்சுக்கு ஆவணங்களை மொழிபெயர்க்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்" என்று எழுதி முத்திரை குத்துவேன். மீதி நேரத்தில் கதை எழுதுவேன். அங்கே கூட்டுவதும் குறைப்பதும்தான் வேலையே.

புருஷோத்தமன் பிரெஞ்சு ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்தவர். எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. ஆப்பிரிக்காவில் வண்டி சாய்ந்து தலையில் அடிபட்டதிலிருந்து ஒற்றைத் தலைவலி. ஊனத்துக்கான ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தார். பிரான்சிலிருந்த ஆணையம் மறுத்துவிட்டது. மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அவரும் மனைவி அஞ்சலாட்சியும் அரியாங்குப்பத்திலிருந்து என் அறைக்கு வந்தது அந்த வாரத்துத் திங்கட்கிழமை.

2

தொடக்கம், முதல் வரைவு: "பாலைவன மணலில் ரத்தம் சிந்திக் கிடந்த அந்த வீரனின்

வேண்டாம். ரத்தமே சிந்தவில்லையாம்.

இரண்டாம் வரைவு: "போர் முடிந்தும் அவன் தலைக்குள்

இதை எழுதிய கையை நானே ஒரு தட்டுத் தட்டினேன்.

மூன்றாவது: நடந்ததை நடந்தபடி சொல்வது. [சோம்பேறி எழுத்தாளர்களின் கடைசிப் புகலிடம். எனக்கு மிகவும் பிடித்தது.]

"சண்டையெல்லாம் இல்ல மேடம்," என்றார் புருஷோத்தமன். "தண்ணி ஏத்திக்கினு போன வண்டி. பள்ளத்துல எறங்கி சாஞ்சிடுச்சி. நானேதான் எழுந்து மத்தவங்கள வெளிய இழுத்தேன். அன்னிக்கு வலிக்கவே இல்ல."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்தக் கதாபாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. ஆள் கட்டுமஸ்தாக இருந்தார். என் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறி வந்தார். ஒருவேளை நடிக்கிறாரோ? நான் மட்டும் அப்படி நினைக்கவில்லை. அவருடைய சொந்தத் தம்பி ராஜாவே, "அண்ணன் பென்ஷனுக்காக நடிக்குது" என்று ஒரு கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவே சொல்லியிருக்கிறான்.

"பணம் வந்தா வரட்டும், வராட்டி போவட்டும் மேடம். எனக்கு வலிக்குதுன்னு யாராவது சீல் குத்தி எழுதிக் குடுக்கணும். அத என் தம்பி கையில குடுத்துப் படிக்கச் சொல்லணும்."

3

வலி எப்படி இருக்கும் என்று கேட்டேன். கதை எழுதுகிறவளுக்கு இந்தக் கேள்வி அல்வா சாப்பிடுவது மாதிரி. "மண்டைக்குள்ள யாரோ சுத்தியால அடிக்கிற மாதிரி இருக்குமா?" என்று நானே எடுத்தும் கொடுத்தேன்.

"அப்படில்லாம் தெரியாது. மொதல்ல கண்ணு ஓரத்துல வெளிச்சம் நெளியும். அப்புறம் வாந்தி. அப்புறம் ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா?"

"நான் அங்க இருக்க மாட்டேன் மேடம். அவ்ளோதான்."

அஞ்சலாட்சி குறுக்கே வந்தார். "கதவு சன்னல் எல்லாத்தையும் சாத்திடுவேன். அன்னிக்கு மிக்ஸி போட மாட்டேன், தாளிக்க மாட்டேன். கடுகு வெடிக்கிற சத்தம் கூட இவருக்கு ஆவாது. எதிர்வீட்டு மாலா வாசப்படியில நின்னே கேக்கும், 'என்னாக்கா, தாளிக்கிற வாசனையே காணோம், அண்ணனுக்கு இன்னிக்கும் தலவலியா'ன்னு."

இதை நான் குறித்துக்கொள்ளவில்லை. சமையல் சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன்.

4

[                              ]

5

இனி, தவறு.

ஆணையம் ஒரு வருட நாட்குறிப்புக் கேட்டிருந்தது, நாளுக்கு ஒரு பக்கம். புருஷோத்தமன் மணிமணியான கையெழுத்தில் எழுதியிருந்தார். "காலை நடை. இரண்டு தோசை. வலி இல்லை." "நோணாங்குப்பம் படகுத்துறை வரை சைக்கிள். வலி இல்லை." போன வருடம், ஆளைப் பார்க்காமலே, அதை மொழிபெயர்த்தவள் நான்தான். எழுதியிருந்த பக்கம் அத்தனையும் கூட்டாமல் குறைக்காமல் செய்தேன். நடுநடுவே எழுதாமல் கிடந்த பக்கங்களைத் தாண்டிப் போனேன். மொழிபெயர்க்க அவற்றில் ஒன்றுமில்லையே! மனிதர் சோம்பலில் விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"விண்ணப்பதாரர் வலியைக் குறிப்பிட்ட நாட்கள் ஆறு," என்றது மறுப்புக் கடிதம். எழுதிக்கொண்டிருக்கும்போதே கண்ணோரம் வெளிச்சம் நெளியத் தொடங்கிய ஆறு நாட்கள் அவை.

அந்தத் திங்கட்கிழமை குறிப்பேட்டை மறுபடி புரட்டியபோதுதான் கேட்டேன். "இந்த வெறும் பக்கமெல்லாம் என்ன?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அதான் மேடம் வலி. அன்னிக்கு எப்படி எழுதறது?"

"மறுநாள் எழுதியிருக்கலாமே?"

"பட்டாளத்துல நடந்த அன்னிக்குத்தான் எழுதணும். பின்னாடி எழுதினா அது பொய் ரிப்போர்ட்டு."

எண்ணினேன். நூற்று முப்பத்தொரு பக்கங்கள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர் சங்கடப்பட்டுப்போய், என் அறையில் உட்கார்ந்துகொண்டு என்னையே கேட்டார், "டீ சொல்லட்டுமா மேடம்?"

6

"நீ கதயெல்லாம் எழுதுவியாமே," என்றார் அஞ்சலாட்சி. "அந்தப் பக்கத்தையெல்லாம் நீயே ரொப்பிக் குடும்மா. நாளுக்கு ரெண்டு வரி. யாருக்குத் தெரியப் போவுது?"

முடியும். என்னால் நிச்சயமாக முடியும். ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். [அதை இங்கே சேர்க்கப் போவதில்லை. நன்றாக வந்திருந்தது என்பதுதான் காரணம்.] புதன்கிழமை இருவரையும் வரச்சொல்லி வாசித்துக் காட்டினேன். அஞ்சலாட்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புருஷோத்தமன் கடைசி வரி வரை பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாருக்குது மேடம். ஆனா இது எழுத முடியிற அளவு வலி."

கிழித்துப் போட்டேன். இத்தனை வருடத்தில் என் எழுத்துக்குக் கிடைத்த ஒரே நேர்மையான விமர்சனம் அதுதான்.

7

குறிப்பேடு முழுவதையும் புதிதாக மொழிபெயர்த்தேன். வெறும் பக்கம் வந்த இடத்திலெல்லாம் தேதியைப் போட்டு, அடைப்புக்குறிக்குள் [வெற்றுப் பக்கம்] என்று பிரெஞ்சில் எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தினேன். நூற்று முப்பத்தொரு தடவை. நடுவில் இரண்டு முறை மை ஊற்ற வேண்டியிருந்தது. முதல் மொழிபெயர்ப்பில் இவற்றை விட்டது என் பிழை, அவருடையதல்ல என்று தனித்தாளில் ஒப்புக்கொண்டேன். கூடவே, தாளிக்காத நாட்களைப் பற்றி அஞ்சலாட்சியின் வாக்குமூலம். அதில் மாலா சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

"இத்தினி சீலா!" என்று புருஷோத்தமன் ஒவ்வொரு தாளாகத் தடவிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை காலை அனுப்பிவிட்டோம்.

8

முடிவு ஒன்று: ஆணையம் ஏற்கிறது. ராஜா அந்தத் தாளைக் கையில் வாங்குகிறான், அவனுக்குப் பிரெஞ்சு தெரியாது, அண்ணனே

முடிவு இரண்டு: ஆணையம் மறுபடியும்

இரண்டையும் முடிக்கப் போவதில்லை. பதில் இன்னும் வரவில்லை. நல்லபடியாக வரும் என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கையை அவர் கதையில் கூட்டி எழுத எனக்கு உரிமையில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இதை எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு பகல், மூன்றாம் பகுதிக்குப் பிறகு என்ன எழுதுவது என்று அவரிடமே கேட்கலாமென அரியாங்குப்பம் போனேன். கதவு சாத்தியிருந்தது. சன்னலும். தெருவெல்லாம் சமையல் நேரம், அந்த வீட்டிலிருந்து மட்டும் எந்த வாசனையும் வரவில்லை. கதவைத் தட்டாமல் திரும்பி வந்தேன். அன்றைக்கு எழுத வேண்டியதுதான் நான்காம் பகுதி.

அங்கே நீங்கள் எவ்வளவு நேரம் நின்றீர்கள்? அச்சுப்பிழை என்று நினைத்தீர்களா? ஒன்றுமில்லை என்று தாண்டி வந்தீர்களா?

வந்திருந்தாலும் குற்றமில்லை, நானும் தாண்டியவள்தான். ஒருமுறை திரும்பிப் போங்கள். அந்த அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கிறது என்று உங்கள் கையால் எழுதுங்கள். அதன் அடியில் நான் முத்திரை குத்துகிறேன்.