ஜனவரியில் ஹீட்டர் போட்டவர்கள்

அந்த சார்ஜர் கம்பத்தை இடித்தது நான்தான். யாரோ குறுக்கே வந்துவிட்டார்கள், வெயில் கண்ணில் அடித்தது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பின்பக்கம் கேமரா வைத்த வண்டியில் அந்தப் பேச்செல்லாம் எடுபடாது. கேமராவில் கம்பம் தெரிந்தது, சிவப்புக் கோடு தெரிந்தது, வண்டி கீ கீ என்று கத்தவும் செய்தது. நான் அப்போது ஸ்பீக்கரில் தியாகுவுக்கு ஒரு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன். அதன் கடைசி வரிக்கு வந்திருந்தேன். ஜோக்கைப் பாதியில் விட்டுவிட்டு பிரேக்கை மிதிக்கும் பழக்கம் எனக்கில்லை.

"என்ன பாய் சத்தம்?" என்றான் தியாகு.

"சார்ஜர் சாஞ்சிருச்சு."

அவன் சிரித்தான். அதுதான் ஜோக்கின் முடிவு என்று நினைத்துவிட்டான். நான் சொன்ன ஜோக்குகளிலேயே அவன் மனம்விட்டுச் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

துபாயில், அல் கூஸ் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கார் பார்க்கிங்கில் நின்ற ஒற்றை ஃபாஸ்ட் சார்ஜர் அது. கராமாவில் பழைய கட்டிடத்தில் குடியிருந்துகொண்டு எலெக்ட்ரிக் கார் வாங்கிய என்னைப் போன்ற புத்திசாலிகளுக்கு அதுதான் கதி. ஒரு தடவை மூன்றாம் மாடியிலிருந்து வயரைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். வாட்ச்மேன் கத்தரிக்கோலோடு மேலே வந்துவிட்டார். என் மனைவி ஹாலிதா, "அது வெட்டாது, இந்தாங்க" என்று அடுப்படியிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினாள்.

அதே கம்பத்தை நம்பி எலெக்ட்ரிக் கார் ஓட்டுகிற மற்றவர்களுக்குச் செய்தி பரவ ஐந்து நிமிடம் பிடிக்கவில்லை. தியாகு அல் கூஸில் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். கோபம் அவனுக்கு மூக்கின் நுனியில்கூட இல்லை, அதற்கும் வெளியே இருக்கும். "பாய், உங்களுக்கு சைக்கிளே ஜாஸ்தி" என்று ஆரம்பித்து என் லைசென்ஸ், என் கண் பார்வை, என் பெட்டிக் கடை என்று வரிசையாக வந்தான். நான் கராமாவில் சூட்கேஸ் வியாபாரம் செய்கிறவன். ஊருக்குப் போகிறவர்களுக்குப் பெட்டி விற்கிறவனை முதலில் ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றான். பக்கத்து ரென்ட் எ கார் ஆபீஸில் இருக்கும் சாகிர் பண்பானவன். அவன் ஒன்றும் திட்டவில்லை. நான் அடுத்து எங்கே பார்க் செய்யப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லும்படி மட்டும் கேட்டுக்கொண்டான்.

ஒன்றுமே சொல்லாதவள் நளினிதான். சொல்லியிருக்க வேண்டியவளும் அவள்தான்.

நளினி கராமாவில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறாள். அவள் கணவன் அருள்முருகனுக்கு ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் ஃபேக்டரியில் வேலை, வார லீவுக்குத்தான் வருவான். அதனால் சமையலும் அவள்தான், டெலிவரியும் அவள்தான். லைசென்ஸுக்கு நாலு தடவை ஃபெயிலாகி, ஐந்தாவது தடவை வாங்கி, யாரோ கைகழுவிவிட்ட பழைய எலெக்ட்ரிக் கார் ஒன்றைப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தாள். பேட்டரி வயதான பேட்டரி. காலையில் ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப்பில் சாப்பாட்டை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதற்கு மூச்சு வாங்கும். பன்னிரண்டு மணிக்கு அல் கூஸில் அரை மணி நேரம் சார்ஜ் போட்டால்தான் மீதிச் சாப்பாட்டோடு ஷார்ஜா ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேரும். அந்த ஒர்க்‌ஷாப் ஆர்டர்தான் அவளுடைய மெஸ்ஸுக்கே முதுகெலும்பு. ஒரு மணிக்கு அங்கே பெல் அடிக்கும். சாப்பாடு அதற்கு முன்னால் மேசையில் இருக்க வேண்டும். ஃபோர்மேன் ஒரு நிமிஷம் பொறுக்காத ஆள்.

அவளிடம்தான் நேராகப் போய் நின்றேன். "கோபமா தங்கச்சி?"

"ச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. யாருக்கும் நடக்கிறதுதான."

எனக்கு மனசு லேசாகிவிட்டது. மனசு லேசானால் உதவி செய்யப் புறப்பட்டுவிடுவேன், அது என் வியாதி. சார்ஜர் சரியாகும்வரை ஷார்ஜா சாப்பாட்டை என் வண்டியில் கொண்டுபோகிறேன் என்றேன். இரண்டாம் நாள் ரவுண்டானாவில் சாம்பார் வாளி சாய்ந்தது. மூன்றாம் நாள் அவள் டாக்ஸி பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்" என்றாள்.

சார்ஜர் கம்பெனிக்கு போன் போட்ட கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும், சொன்னால் ரத்தக் கொதிப்பு வரும். இடித்தவனே போன் செய்து, இடித்தது நான்தான், இன்ஷூரன்ஸ் இதோ, தயவுசெய்து ஆளை அனுப்புங்கள் என்று கெஞ்சுகிறேன். எதிர்முனை, "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று பாட்டுப் போடுகிறது. பாட்டு முடிந்தால் ஒரு பெண் வந்து, "நோட்டட் சார்" என்கிறாள். எப்போது வருவீர்கள் என்றால், "ஷார்ட்லி சார்." இன்றைக்கா நாளைக்கா என்றால், "நோட்டட் சார்." என் கடையில் ஒரு பெட்டியின் சக்கரம் கழன்று வந்தால் வாங்கினவன் என்னைக் கழற்றிவிடுவான். இவர்கள் தெருவுக்கு ஒரு பொம்மையை நட்டுவிட்டு, பாட்டுப் போட்டுக் காசு பார்க்கிறார்கள்.

ஒருவழியாக ஆள் வந்தான், கம்பம் நிமிர்ந்தது. நாங்கள் பாயசம் வைக்காத குறை. அப்போதுதான் சூப்பர் மார்க்கெட் மேனேஜர் கலீலுர் ரஹ்மான் அடுத்த குண்டைப் போட்டார். எங்கள் ஊர்க்காரர், அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிற ஊர். எதையும் நேராகச் சொன்னால் நாக்கு சுட்டுவிடும் என்று நம்புகிறவர்.

"காக்கா, ஒரு டீ குடிக்கிறியளா?"

"விஷயத்தைச் சொல்லுங்க."

"விஷயம்னு ஒண்ணுமில்ல. ஜனவரி வரைக்கும் பாப்பாங்களாம். அப்புறம் எடுத்தாலும் எடுப்பாங்க. எடுக்காமலும் இருப்பாங்க. அல்லா நாடுனா…"

"எதை எடுக்குறது?"

"அதான், அந்தக் கம்பத்த."

கம்பெனியின் லோக்கல் ஆபீஸுக்கே நேரில் போனேன். டை கட்டின ஒரு பையன் லேப்டாப்பில் எங்கள் சார்ஜரின் உபயோகக் கோடு ஒன்றைக் காட்டினான். நவம்பரிலிருந்து கோடு கீழே இறங்கியிருந்தது. "சார், குளிர்காலம்தான் எங்க பீக் சீசன். ஹெட் ஆபீஸ் கணக்கு அது. குளிர்காலத்துலயே இவ்வளவு கம்மின்னா, சம்மர்ல இந்த ஸ்டேஷனுக்கு யார் வருவா?"

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. எனக்குப் பேச்சு வரவில்லை என்றால் ஹாலிதா டாக்டருக்கு போன் செய்வாள்.

"தம்பி, உங்க ஹெட் ஆபீஸ் எங்க இருக்கு?"

ஐரோப்பாவில் வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஓர் ஊரைச் சொன்னான். அங்கே குளிருக்கு ஹீட்டர் போட்டே பேட்டரி காலியாகிவிடும், ஜனம் சார்ஜருக்கு ஓடும். இங்கே துபாயில் குளிர்காலம் என்றால் ஜன்னலை இறக்கிவிட்டு, ஏசியை அணைத்துவிட்டு, முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டுகிற காலம். சார்ஜே தீராது. ஆகஸ்ட்டில் வந்து பார், ஏசி பேட்டரியை உறிஞ்சுகிற உறிஞ்சில் இந்தக் கம்பத்தைச் சுற்றி நாங்கள் கபடி ஆடுவோம் என்று அவனுக்கு விளக்கினேன். தொண்டை வற்ற விளக்கினேன்.

"நோட்டட் சார்" என்றான்.

அன்று சாயங்காலம் பார்க்கிங்கில் கூடினோம். தியாகு தன் வண்டியின் பானெட்டில் ஓங்கி ஒரு குத்து விட்டான், பிறகு அது தன் வண்டி என்று ஞாபகம் வந்து தடவிக் கொடுத்தான்.

"பனியில உக்காந்துகிட்டுப் பாலைவனத்துக்குக் கணக்குப் போடுறான் பாய்! நவம்பர்லருந்து நான் ஏசி பட்டனத் தொடவே இல்ல. மிச்சம் புடிச்சது தப்பா?"

"ஒரு லெட்டர் போடுவோமே" என்றான் சாகிர்.

"போடு. நோட்டட்னு வரும்."

நளினியும் வந்திருந்தாள். கை துடைக்கும் துண்டு தோளில் அப்படியே கிடந்தது. "எடுத்துட்டா ஷார்ஜாவுக்கு நான் எப்படிண்ணே போவேன்?" என்று மட்டும் கேட்டாள். தியாகு பானெட்டைத் தடவிக்கொண்டே இருந்தான். அதைப் பார்க்கத் தாங்காமல்தான் நான் வாயைத் திறந்தேன்.

"குளிர்காலத்துல ஹீட்டர் போடணும்னுதான எதிர்பாக்குறான்? போட்டுருவோம். ஜன்னலத் திறந்து வெச்சு ஹீட்டர ஃபுல்லா வெப்போம். கோடு மேல போவுதா இல்லையான்னு பாப்போம்."

சத்தியமாக ஜோக்குக்காகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் என் ஜோக்குக்கு யாரும் சிரிக்காத நாட்கள் நிறைய உண்டு, அதை ஒரு திட்டமாகக் கைதட்டி ஏற்றுக்கொண்ட நாள் அது ஒன்றுதான்.

ஜனவரி முழுக்க அந்தக் கூத்து நடந்தது. சாயங்காலம் கடலோரம் போய் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து பேட்டரியைக் காலி செய்வோம். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அல் கூஸில் வரிசை கட்டி நிற்போம். மூன்று பேருக்கும் கை ஒழிகிற நேரம் அதுதான். சார்ஜ் ஏறும்போதும் ஹீட்டரை அணைப்பதில்லை. ஏற ஏற இறங்கினால்தானே நிறையக் குடிக்கும். நான் பனியனோடு உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருப்பேன். பின்னால் தியாகு, தலையில் ஈரத் துண்டோடு ஹெட் ஆபீஸை மூன்று மொழிகளில் திட்டிக்கொண்டிருப்பான். "யல்லா, உறிஞ்சு! நல்லா உறிஞ்சு!" என்று வண்டிக்கு உற்சாகம் வேறு.

எங்களுக்குப் பின்னால் நளினியின் வண்டி வந்து நிற்கும்.

இறங்கி வந்து என் ஜன்னல் பக்கம் நிற்பாள். "எவ்வளவு ஆயிருக்குண்ணே?"

"எழுபது. தொண்ணூறு வரைக்கும் தள்ளணும். எல்லாம் உனக்காகத்தான் தங்கச்சி."

"ம்."

"லேட்டாவுதா?"

"பரவாயில்லண்ணே. பாத்துக்கலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். வண்டியை நோக்கி நடக்கும்போது ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள். சாப்பாடு ஆறிவிடக் கூடாதே என்று டிபன் பெட்டிகளின் மேல் போர்த்தியிருந்த கம்பளியை இழுத்துவிடுவாள். இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பாவம், இவளுக்காகவாவது இந்தக் கம்பத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று ஹீட்டரை இன்னும் ஒரு புள்ளி ஏற்றினேன்.

மாதக் கடைசியில் டை கட்டின பையனே போன் செய்தான். குரலில் தேன். "சார், ஸ்டேஷன் கன்ஃபர்ம் ஆயிடுச்சு. ஜனவரி யூசேஜ் பிரமாதம். குளிர்காலத்துல டிமாண்ட் ஏறும்னு எங்க ஹெட் ஆபீஸ் சொன்னது கரெக்டா வந்திருக்கு பாத்தீங்களா?"

ஜெயித்த சந்தோஷத்தைவிட எனக்கு ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு முட்டாள் கணக்கை நாங்களே வேர்த்து விறுவிறுத்து நிரூபித்துக் கொடுத்திருக்கிறோம். பதிலுக்கு, "நோட்டட்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அந்த ஒரு திருப்தி.

கொண்டாட வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்க்கிங்கிலேயே சாப்பாடு என்று முடிவானது. யாருக்காகப் போராடினோமோ அவளிடமே பிரியாணி சொன்னோம். கலீலுர் ரஹ்மான் நாலு பிளாஸ்டிக் நாற்காலியும், தருகிறேன் தரவில்லை என்று இழுத்து ஒரு மேசையும் கொடுத்தார்.

நளினி டாக்ஸியில் வந்து இறங்கினாள். இரண்டு கையிலும் பாத்திரம்.

"என்ன தங்கச்சி, வண்டி எங்க? சார்ஜ் இல்லையா? அதான் இருக்கே நம்ம சார்ஜர்!" என்றேன். தியாகு கம்பத்தைத் தட்டிக் காட்டினான்.

"வித்துட்டேண்ணே" என்றாள், இலையை எடுத்து வைத்துக்கொண்டே.

"எதை?"

"வண்டியத்தான். ஷார்ஜா ஆர்டர் போயிருச்சுல்ல. ஜெபல் அலி சாப்பாடு பக்கத்து மெஸ் வேன்லயே போயிருது. அப்புறம் வண்டி எதுக்கு?"

சாகிர் எடுத்த தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல் வைத்துவிட்டான். தியாகு, "அந்த ஃபோர்மேன் ஒரு…" என்று ஆரம்பித்தான்.

"அவர் நல்ல மனுஷன்தான். மூணு தடவ பொறுத்தாரு. நாப்பது பேர் தட்ட வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா அவரும் என்ன செய்வாரு?" அவள் பிரியாணியை வைக்க ஆரம்பித்தாள். "ரைத்தா போடவாண்ணே?"

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. எழுந்து போய் அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்தேன்.

"நளினி, பரவாயில்லன்னு சொல்லாத. ஒண்ணுமில்லன்னு சொல்லாத. என் மேல கோபமா?"

வழக்கம்போலச் சிரிக்கத்தான் பார்த்தாள். உதடு பாதி வரை போய் நின்றுவிட்டது.

"ஆமாண்ணே," என்றாள். "ரொம்பக் கோபம். கம்பத்த இடிச்சதுக்கு இல்ல. சாம்பாரக் கொட்டுனதுக்கும் இல்ல. பன்னெண்டு மணிக்கு அரை மணி நேரம், எனக்கு அவ்வளவுதாண்ணே வேணும். தெனமும் வந்து உங்க ஜன்னல்கிட்ட நின்னேன். நீங்க வேர்த்து ஊத்த உக்காந்துக்கிட்டு, எல்லாம் உனக்காகத்தான்னீங்க. அப்படிச் சொல்ற மனுஷன்கிட்ட, எந்திரிங்க, என் வண்டிய விடுங்கன்னு நான் எந்த வாயால சொல்றது?"